இறக்கை பார்க்கிறவள்

பதினோரு நாளில் கற்றுக்கொடுத்தான் பரமத்திப் பையன்.
என்னைவிடப் பத்து வயது இளையவன்.
குஞ்சை எடுங்க்கா, கட்டைவிரலால் இறக்கையை விரிங்க.
மேலிறகும் அடியிறகும் ஒரே நீளமா, சேவல்.
ஒன்று நெட்டை ஒன்று குட்டையா, பெட்டை.
அவ்வளவுதானுங்க்கா, என்றான்.

முதல் நாள் எனக்கு எல்லாமே குஞ்சு.
மஞ்சளாய், சூடாய், கத்திக்கொண்டு
ஒரே குஞ்சு நாற்பதாயிரம் தடவை.
ஐந்தாம் நாள் சரியும் தப்பும் பாதிப்பாதி.
நூற்றுக்கு இரண்டு தப்பு வரை சம்பளத்தில் பிடிக்கமாட்டார்கள்.
பன்னிரண்டாம் நாள் நான் பார்க்கவே இல்லை,
விரல் பார்த்தது.

வலது கூடை தடுப்பூசிக்கு.
இடது கூடை என்னவாகும் என்று
நான் கேட்கவில்லை. துளசிமணி கேட்டாள்.
கேட்டுவிட்டு மூன்று நாள் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை குழுக் கடன் கட்ட வேண்டும்,
நாலாம் நாள் வந்தாள்.
கேட்டிருக்கவே கூடாது என்றாள்,
கேட்காமல் இருந்த எனக்கும் சொல்லி முடித்துவிட்டு.

கொஞ்சம் சாயத்தொட்டிக்குப் போகும்.
ரோஸ், பச்சை, ஊதா.
சந்தையில் அட்டைப்பெட்டி நிறையக் கத்தும்.
ஒரு பச்சைக்குஞ்சு கேட்டு அழுதான் என் மகன்.
செத்துப்போகும் கண்ணு, என்றேன்.
உனக்கு எப்படித் தெரியும், என்றான்.
மீதி எங்கே போகும் என்று இங்கே எழுதமாட்டேன்.
நீங்களாவது துளசிமணியிடமிருந்து தப்பித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்னைக் கூமுட்டை என்பார்கள்.
இருபத்தொரு நாள் கழித்தும் தட்டில் மூடியே கிடக்கிற
நிஜக் கூமுட்டைகளை ஒரு வாரம் பொறாமையோடு பார்த்தேன்.
ஒன்றும் தெரியாது. என்ன நிம்மதி.
ஒன்று கைதவறி உடைந்தது.
சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும்
சோற்றில் கைவைக்க முடியவில்லை அன்று.

நாத்தனாரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன், நாமக்கல்.
சுவரில் பலகை:
கருவில் இருப்பது ஆணா பெண்ணா என அறிவது குற்றம்.
அறிவது குற்றம்.
டோக்கன் கூப்பிடும்வரை அதையே படித்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் ஒறம்பரையில் பூபதிக்கு நாற்பத்தொன்று.
ஆறு ஏக்கர், வற்றாத கிணறு, டிராக்டர்.
பெண் இல்லை.
தரகர் பாலக்காட்டுப் பக்கம் போயிருக்கிறார்.
அவனுக்கு வாய்த்திருக்க வேண்டியவளைப்
பலகை மாட்டாத வருசத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள்.
அங்கே இடது கூடை வேறு ஆளுக்கு.

உள்ளங்கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.
நாத்தனார் கேட்டாள், கை வலிக்குதா?

நல்லது கெட்டது என்றால் எங்கள் பக்கம்
கல்யாணமும் எழவும்.
இரண்டுக்கும் போனால்தான் சனம்.
சீருக்கு மட்டும் வந்துவிட்டு
கேதத்துக்கு வராதவனை யாரும் சேர்ப்பதில்லை.
எழவு வீட்டுக்குப் போய் என்ன லாபம் என்று
இதுவரை ஒருத்தரும் கேட்டு நான் கேட்டதில்லை.
பஸ் இல்லாவிட்டால் நடந்தாவது போவார்கள்.
தெரிந்துகொள்வதும் அப்படித்தானோ என்னவோ.
இதைத் துளசிமணியிடம் சொன்னேன்.
போய்ட்டு வந்தா தலைக்குத் தண்ணி ஊத்திக்கலாம்,
இதுக்கு எங்கே போயி ஊத்தறது, என்றாள்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது வினாடி.
கும்மிருட்டில் எல்லாம் மறுபடி ஒரே குஞ்சு.
கையிலிருந்ததன் இறக்கையை
நான் விரிக்கச் சொல்லவில்லை.
விரல் விரித்தது. சேவல்.

அந்த நூற்றுக்கு இரண்டு,
கற்றுக்கொண்டபோது தானாய் வந்த அந்த இரண்டு தப்பு,
இப்போது வருவதே இல்லை.
இப்போது நானே செய்தால்தான் உண்டு.
பத்து வாரத்தில் கொண்டை சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்,
தெரியும். பத்து வாரம்.
எந்த இரண்டு என்பதைத்தான்
பரமத்திப் பையன் சொல்லித்தரவில்லை.
வெளிச்சம் வந்தபோது
என் கை இரண்டு கூடைக்கும் நடுவில் இருந்தது.